மானியம் தின்றவர்கள் வாங்கிய கடனா?

கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்கிறோம். ஓட்டோவில் ஏறினால் சாரதி சொல்கிறார். கொழும்பிலிருந்து வரும் நிபுணர் கருத்தரங்கில் வரைபடம் போட்டுச் சொல்கிறார். "உழைச்சதைவிடக் கூடச் சாப்பிட்டுட்டம் அண்ணை. எல்லாத்தையும் மானியத்திலை கேட்டுப் பழகிட்டம். கறண்டையும் எண்ணெயையும் அடிமாட்டு விலைக்கு எரிச்சம். கடன் ஏறிச்சு, நாடு கவிண்டுது. இப்ப அனுபவிக்கத்தானே வேணும்." நிபுணர் இதையே கொஞ்சம் செந்தமிழில், 'தகுதிக்கு மீறிய நுகர்வு' என்கிறார். 2022இல் இலங்கைக்கு நடந்ததைப் பற்றி ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் வங்கிக்காரரும் சாதாரண சனமும் ஒன்றாகத் தலையாட்டும் விளக்கம் இது ஒன்றுதான்.

ஒரு பிழையான கருத்து இவ்வளவு பேரைச் சேர்த்துவைப்பது ஆச்சரியமில்லை. ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வசதி இருக்கிறது. கடன் வாங்கியவர்களுக்குப் பழி பங்கிடப்படுகிறது. வரி கட்டாமல் தப்பியவர்களின் பேச்சே எழுவதில்லை. சாதாரண மனிதனுக்கோ தன்னைத்தானே கொஞ்சம் திட்டிக்கொள்வதில் ஒரு நல்ல பிள்ளைத்தனம். ஆனால் கடனை யார் வாங்கினார்கள், என்ன வட்டிக்கு, அதைக் கட்டுவதற்கு இருந்த வரியை யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள், கடைசி டொலரை யாரிடம் கொடுத்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால் இந்த விளக்கம் ஒரு பக்கக் கணக்குக்கும் தாங்காது.

அளவுக்கு மிஞ்சி வாழ்ந்தவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்குவோம். வடக்கில் வளர்ந்தவர்களுக்கு இதைக் கேட்கச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதை நனைக்கிற அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. பற்றறி தடைப்பட்டியலில் இருந்ததால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோலைக் காட்டி எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். குடாநாடு தேசிய மின்வலையமைப்போடு ஒழுங்காக இணைந்தது போர் முடிந்த பிறகுதான். மலையகத்தில் லயத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். அதற்கே பல வருடப் போராட்டம். அதே தொழிலாளியிடம் ஒரு வருடம் கழித்து வந்து, நீயும் அளவுக்கு மிஞ்சித்தான் சாப்பிட்டாய் என்று சொல்ல ஒருவருக்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்குக்கே வருவோம். 2021இல் அரசாங்கம் கட்டிய வட்டி சுமார் 1,048 பில்லியன் ரூபாய். அந்த வருடம் அரசுக்கு வருமானமாக வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 70 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போனது. வறிய குடும்பங்களுக்கான சமுர்த்திக்குப் போனது 50 பில்லியன் ரூபாயை ஒட்டிய தொகை. அதாவது வட்டியின் இருபதில் ஒரு பங்கு. சமுர்த்தி முழுவதையும் அன்றைக்கே நிறுத்தி, அத்தனை ஏழைகளையும் பட்டினி போட்டிருந்தாலும் வட்டிக்காரனுக்கு மூன்று கிழமைக்குக் கூடக் காணாது. மானியம் தின்று நாடு அழிந்தது என்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒருதரம் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

உடனே அடுத்த வாதம் வரும்: அரசாங்க உத்தியோகத்தர் கூடிப்போய்விட்டார்கள், சம்பளம் கொடுத்தே நாடு ஆண்டியானது. இதில் உண்மை இல்லாமலில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பட்டதாரிகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தார்கள். பலருக்கு மேசை இருந்தது, வேலை இருக்கவில்லை. ஆனால் சம்பளப் பட்டியலில் ஆகப்பெரிய பங்கு எந்தத் துறைக்கு என்று இதே ஆட்கள் சொல்வதில்லை. 2022ஆம் ஆண்டுக்கு ஒதுக்கியபோது பாதுகாப்புக்கு 373 பில்லியன் ரூபாய், சுகாதாரத்துக்கு 153, கல்விக்கு 127. போர் முடிந்து 13ஆவது வருடத்தில், ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் கூட்டினாலும் எட்டாத தொகை படைக்கு. வலிகாமம் வடக்கில் சனத்தின் காணியை வைத்திருந்து, அதில் மரக்கறி பயிரிட்டு, அந்தச் சனத்துக்கே விற்ற படை அது. கிராமத்துப் பிரசவ விடுதியில் இருக்கும் தாதியை 'மிகை ஊழியர்' கணக்கில் சேர்க்கிறவர்கள் இந்த முகாம்களைச் சேர்ப்பதில்லை.

இனிக் கடன். பழைய காலத்தில் இலங்கை வாங்கிய வெளிநாட்டுக் கடனில் பெரும்பங்கு உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பான் ஆகியவற்றிடமிருந்து குறைந்த வட்டிக்கு, நீண்ட தவணைக்கு வந்தது. நாடு நடுத்தர வருமானத்துக்கு உயர்ந்தபின் அந்தக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்பட்டது. 2007 ஒக்டோபரில் மகிந்த ராஜபக்ஷ அரசாங்கம் முதன்முறையாக உலகச் சந்தையில் இறைமைப் பிணைமுறி விற்றது: 500 மில்லியன் டொலர், 8.25 சதவீத வட்டி. திட்டம் காட்டத் தேவையில்லை, நிபந்தனை இல்லை, கேள்வி இல்லை. ஐந்து வருடத்தில், பத்து வருடத்தில் முழு முதலையும் ஒரே நாளில் டொலராகத் திருப்ப வேண்டும் என்பது மட்டும்தான். அந்த நாளில் டொலர் இல்லையென்றால் இன்னொரு பிணைமுறியை விற்று இதைக் கட்டலாம். அப்படியே கட்டினார்கள். இதில் கட்சி வேறுபாடு கிடையாது. மகிந்தவுக்குப் பின் நல்லாட்சி என்று ஆட்சிக்கு வந்தவர்கள் 2019இல் மட்டும் மார்ச்சில் 2.4 பில்லியன், ஜூனில் 2 பில்லியன் டொலருக்குப் பிணைமுறி விற்றார்கள். 2021 ஏப்ரல் கணக்கில் அரசின் வெளிநாட்டுக் கடனில் 47 சதவீதம் இப்படிச் சந்தையில் வாங்கியது.

சீனா பற்றி இரண்டு வரி போதும். அதே கணக்கில் சீனாவின் பங்கு 10 சதவீதம்; அரச நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்தால் சுமார் 20 வரை போகும். அம்பாந்தோட்டைத் துறைமுகமும் விமானம் வராத மத்தள விமான நிலையமும் வெட்கக்கேடுகள்தான். ஆனால் 2017இல் துறைமுகத்தை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்து வாங்கிய 1.12 பில்லியன் டொலர், துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை. கையிருப்பைத் தூக்கிநிறுத்தவும் மற்றக் கடன்களைச் சமாளிக்கவும் போனது. நெரித்த கை அதிகமும் நியூயோர்க்கிலும் லண்டனிலும் இருந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைக்குச் 'சீனப் பொறி' என்று தலைப்புப் போடுவது வசதி, அவ்வளவுதான்.

வாங்கின கடனைக் கட்ட வரி வேண்டும். 1990இல் இலங்கையின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 19 சதவீதமாக இருந்தது. 2021இல் அது 8க்கும் கீழே. முப்பது வருடமாக அரசு கொடுத்த உண்மையான மானியம் இதுதான்: வரிச் சலுகை, வரி விடுமுறை, வரி மன்னிப்பு. 2019 டிசம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ அரசாங்கம் செய்தது அதன் உச்சம். வட் எனப்படும் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8க்கு இறக்கினார்கள். வருடத்துக்கு 12 மில்லியன் ரூபாய் புரளும் வியாபாரம் வட்டுக்குப் பதிய வேண்டும் என்றிருந்ததை 300 மில்லியன் ஆக்கினார்கள். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வருமான வரியை எடுத்துவிட்டார்கள். 2019இல் 1,735 பில்லியன் ரூபாயாக இருந்த வரி வருமானம் 2020இல் 1,217 பில்லியனுக்கு விழுந்தது. கொரோனாவும் அதில் ஒரு பங்கு வாங்கியது, மறுக்கவில்லை. ஆனால் கொரோனா வந்தபோது வேறு நாடுகள் குடையைத் தேடின. நாங்கள் மூன்று மாதத்துக்கு முன்பே குடையை விற்றிருந்தோம். கடன் தரப்படுத்தல் நிறுவனங்கள் இலங்கையை இறக்கின, சந்தை கதவை மூடியது. பழைய பிணைமுறியைக் கட்டப் புதியது விற்கும் வழி அதோடு அடைபட்டது.

இந்த வரிக்குறைப்பில் மூலைக்கடைக்கு வரும் சனத்துக்கு என்ன கிடைத்தது? சீனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஒக்டோபர் 13 அன்று இறக்குமதிச் சீனிக்கான விசேட வரியை ஒரே இரவில் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக்கினார்கள். இருபத்தைந்து சதம், பிச்சைக்காரன்கூட வாங்காத காசு. அரசுக்குப் போன நட்டம் 15 பில்லியன் ரூபாய்க்கு மேல். கடையில் சீனி விலை அந்த ஐம்பது ரூபாயால் இறங்கியதை எந்தப் பெண்ணும் பார்க்கவில்லை. நாட்டிலுள்ள சமுர்த்திக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் மூன்று மாதத்துக்கு மேல் கொடுத்திருக்கக்கூடிய பணம் கையளவு இறக்குமதியாளரிடம் போனது. அதைத் தின்றவர்களை யாரும் கலியாண வீட்டில் 'மானியத்துக்குப் பழகியவர்கள்' என்று பேசுவதில்லை.

கடைசி டொலரை யாரிடம் கொடுத்தார்கள் என்பது இன்னும் மோசம். 2021 முடிவில் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்துகொண்டிருக்கிறது. கடனைக் கட்டுவதை நிறுத்திப் பேச்சுக்குப் போங்கள் என்று நாட்டுப் பொருளியலாளர் பலர் எழுதினார்கள். மத்திய வங்கி கேட்கவில்லை. 2022 ஜனவரி 18 அன்று 500 மில்லியன் டொலர் பிணைமுறியை முதலோடு கட்டிவிட்டுப் பெருமையாக அறிவித்தார்கள். மூன்று மாதம் முடியுமுன், ஏப்ரல் 12 அன்று, இனிக் கட்ட முடியாது என்று கையை விரித்தார்கள். மே மாதம் பாவிக்கக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் கீழே என்று நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். ஒரு டீசல் கப்பலுக்கே திண்டாட்டம். மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவித்ததற்குக் காரணம், சனம் அதிகம் மின்சாரம் எரித்ததல்ல. டீசல் வாங்கக் காசு இல்லாமல் போனது. அந்தக் காசின் ஒரு பகுதி ஜனவரியில் எங்கே போனது என்று தெரியும். பெற்றோல் செற்றுக்கு முன்னால் வரிசையில் நின்றபடியே இறந்த முதியவர்கள் இருக்கிறார்கள். மன்னாரிலிருந்து கைக்குழந்தையோடு படகேறி அரிச்சல்முனை மணல்திட்டில் இறங்கியவர்கள் இருக்கிறார்கள். அந்த 500 மில்லியனைப் பெற்றுக்கொண்டவர்களில் ஒருவர்கூட எங்கும் வரிசையில் நிற்கவில்லை.

இனி மின்சாரம். 'தகுதிக்கு மீறிய நுகர்வு' என்ற விளக்கம் கொஞ்சமாவது காலூன்றி நிற்பது இங்கேதான். ஆகவே இங்கே ஆறுதலாகப் பார்க்க வேண்டும்.

மின்கட்டணம் செலவுக்குக் குறைவாக இருந்தது உண்மை. 2014 செப்ரெம்பரில், தேர்தல் வாசனை அடித்தபோது, கட்டணத்தை 25 சதவீதம் குறைத்தார்கள். அதன்பின் 2022 ஓகஸ்ட் வரை எந்த அரசாங்கமும் அதைத் தொடவில்லை. உலகில் எண்ணெய் ஏற, இங்கே பட்டியல் அப்படியே இருந்தது. மின்சார சபை கடனில் ஓடியது. சபைக்கு எண்ணெய் கொடுத்த பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வங்கியில் கடன்பட்டது. இது நடந்திருக்கக் கூடாது. பெற்றோலைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் இரண்டு கார் வைத்திருப்பவனுக்கே அதிகம் போகும் என்பதும் சரிதான். இதையெல்லாம் மறுத்துப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் 'செலவு' என்று ஒரு எண்ணைச் சொல்லி அதை முழுதாகக் கட்டு என்கிறார்களே, அந்தச் செலவு ஏன் அவ்வளவு என்று கேட்க வேண்டாமா? கெரவலப்பிட்டியில் 300 மெகாவொற் நிலையம் ஒன்று, இயற்கை எரிவாயு வரும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. எரிவாயு வரவில்லை. வருடக்கணக்காக அதை விலை கூடிய உலை எண்ணெயில் ஓட்டினார்கள். 2021 செப்ரெம்பரில் அந்த நிலையத்தில் அரசு வைத்திருந்த பங்குகளிலிருந்து 40 சதவீதப் பங்கை ஓர் அமெரிக்கக் கம்பனிக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் நள்ளிரவில் கையெழுத்தானது. எதிர்த்துப் பேசிய இரண்டு அமைச்சர்கள் பிறகு பதவி இழந்தார்கள். சம்பூரில் 2006இல் சனத்தை விரட்டிய நிலத்தில் நிலக்கரி நிலையம் என்றார்கள். 2016இல் அதைக் கைவிட்டார்கள். கைவிட்டது நல்லதுதான், ஆனால் அதே மண்ணில் சூரிய மின்திட்டம் ஒன்றைத் தொடக்கிவைக்க 2025 ஏப்ரல் ஆனது. இந்த இடைவெளிகளை எல்லாம் நிரப்பியது டீசல். வரட்சி வந்து நீர்த்தேக்கம் வற்றினால் டீசல். நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் ஒரு இயந்திரம் பழுதானால் டீசல். தனியாரிடம் அவசரக் கொள்வனவு என்று இன்னும் டீசல். அவசரம் என்ற சொல் வருடாவருடம் வந்தால் அதற்குப் பெயர் அவசரமில்லை, வியாபாரம்.

சுன்னாகத்துச் சனத்திடம் கேளுங்கள், மலிவு மின்சாரத்தை அனுபவித்தீர்களா என்று. அங்கே தனியார் அனல்மின் நிலையம் ஒன்றின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது. துலாவில் அள்ளிய வாளியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தால் எண்ணெய் நாற்றம். தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே ஓடும் நீர் ஒரு வளவோடு நிற்பதில்லை. தலைமுறையாகக் கிணற்றுத் தண்ணீர் குடித்த ஊருக்கு பவுசரில் தண்ணீர் வந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மின்சார சபையின் எந்த அலகுக் கணக்கிலும் இந்தக் கிணறுகள் இல்லை.

காற்றாலையைப் பாருங்கள். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவொற் திட்டம் கேள்விப்பத்திரம் இல்லாமல் அதானி குழுமத்துக்குக் கொடுக்கப்பட்டது. அரசாங்கம் ஒப்புக்கொண்ட விலை அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம், 20 வருடத்துக்கு. எதிர்ப்புக் கிளம்பி, ஆட்சி மாறி, விலையைக் குறைக்கச் சொன்னபின் 2025 பெப்ரவரியில் அவர்கள் விலகிக்கொண்டார்கள். அதே மன்னாரில் போட்டிக் கேள்வியில் 50 மெகாவொற் திட்டமொன்றை உள்ளூர்க் கம்பனி 4.65 சதத்துக்கு எடுத்தது. அளவும் நிபந்தனையும் வேறு என்பார்கள். சரி, கொஞ்சம் தள்ளிக் கொடுங்கள். மீதி வித்தியாசத்துக்கு என்ன பெயர்? அந்தக் கூடுதல் சதம் 20 வருடத்துக்கு உங்கள் பட்டியலில் 'செலவு' என்றே வந்திருக்கும். நிபுணரும் வந்து, செலவை மீட்க வேண்டும் என்று வரைபடம் போட்டிருப்பார். (தீவில் காற்றாலைக்கு எதிராகத் தெருவில் இறங்கிய மன்னார்ச் சனத்தின் நியாயம் தனிக் கட்டுரைக்கு உரியது.)

இப்போது செலவை முழுதாக மீட்பது என்ற மருந்தை யாருக்கு எந்த அளவில் கொடுத்தார்கள் என்று பார்ப்போம். இரண்டு லைற், ஒரு மின்விசிறி, கைத்தொலைபேசி சார்ஜ். இப்படி ஒரு வீடு மாதத்துக்கு 30 அலகு பாவிக்கிறது. 2022 ஓகஸ்டுக்கு முன் அலகு 2.50 ரூபாய், நிலையான கட்டணம் 30: மொத்தம் 105 ரூபாய். 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபாய், நிலையான கட்டணம் 400: மொத்தம் 1,300. பன்னிரண்டு மடங்குக்கு மேல். குளிரூட்டி ஓடும் வீட்டுக்கு ஆக உயர்ந்த கட்டணப் படியில் ஒரு அலகின் விலை இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. 2023இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாகப் பாராளுமன்றக் குழுவில் சொல்லப்பட்டது. மீள இணைக்கவும் கட்டணம்.

மண்ணெண்ணெய் இன்னும் கொடுமை. 2022 ஓகஸ்டில் லிற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஒரே நாளில் போனது. குருநகரிலோ மாதகலிலோ சிறு வள்ளம் வைத்திருப்பவர் ஒருதரம் கடலுக்குப் போய்வர 20 லிற்றர் என்று வைத்தாலும், 1,740 ரூபாய் 6,800 ஆனது. வலையில் ஒன்றும் படாவிட்டாலும் இயந்திரம் குடித்தது குடித்ததுதான். மலிவு மண்ணெண்ணெயைத் தொழிற்சாலைக்காரர் எடுத்து எரித்தார்கள் என்று அரசாங்கம் காரணம் சொன்னது. எடுத்தவர்களைப் பிடித்திருக்கலாம். அதற்குப் பதில் கரையோரம் முழுவதும் மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைத்துத் தொழிலுக்குப் போனார்கள்.

இவ்வளவு கட்டியபின் தெரியவந்த செய்திதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2023இல் மின்சார சபை 61 பில்லியன் ரூபாய் இலாபம் காட்டியது. 2024இல் இலாபம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். செலவை மட்டும்தான் மீட்கிறோம் என்று சொன்னவர்களின் கையில் இவ்வளவு எப்படி மிஞ்சியது? 2025 ஜனவரிக்கு, கட்டணத்தை மாற்றத் தேவையில்லை என்றே சபை விண்ணப்பித்தது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கணக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு 20 சதவீதம் குறைக்கச் சொன்னது. அதே வருடம் ஜூனில் திரும்பவும் 15 சதவீதம் ஏறியது வேறு கதை. இடையில் பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு காலை நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்துவிட்டது என்று அமைச்சர் சொன்னார். நல்லகாலம், அந்தக் குரங்கு மானியத்துக்குப் பழகியது என்று யாரும் சொல்லவில்லை.

மானியத்தைக் குற்றம் சொல்கிறவர்கள் கடைசியில் கையிலெடுப்பது குடும்பக் கணக்கு: வரவுக்கு மேல் செலவழிக்கும் வீடு உருப்படுமா? சரி, வீடு என்றே வைத்துக்கொள்வோம். மூத்தவர் ஊரைக் கேட்காமல் அந்நிய வட்டிக்காரனிடம் அந்நியக் காசில் கடன் எடுக்கிறார். கொஞ்சத்தில் வாசலுக்கு வளைவு கட்டுகிறார். நன்றாக உழைக்கும் மச்சானிடம், நீ வீட்டுச் செலவுக்குத் தர வேண்டாம், வைத்துக்கொள் என்கிறார். தவணை வந்ததும் சமையலறையில் இருந்த காசை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுப்பு எரியாததைப் பார்த்துப் பிள்ளைகளிடம், சோறு கேட்டுக் கேட்டுத்தான் குடியைக் கெடுத்தீர்கள் என்கிறார். ஒப்பிடுவதென்றால் இப்படித்தான் ஒப்பிட வேண்டும்.

நான் சொல்வதை அரசியல் வெறுப்பு என்று தள்ளுகிறவர்களுக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம், ராஜபக்ஷ சகோதரர் மூவரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் திறைசேரி அதிகாரிகளும் பொதுநம்பிக்கையை மீறி இந்த நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் என்று பெரும்பான்மையாகத் தீர்த்தது. வரிக்குறைப்பு, சர்வதேச நாணய நிதியத்திடம் போகத் தாமதித்தது, ரூபாயைச் செயற்கையாகப் பிடித்து வைத்தது, 2022 ஜனவரிக் கொடுப்பனவு எல்லாம் அந்த வழக்கில் பேசப்பட்டன. 'மக்கள் அதிகம் நுகர்ந்தார்கள்' என்று யாரும் அங்கே தண்டிக்கப்படவில்லை. பிரதிவாதிகளும் பெரிதாகத் தண்டிக்கப்படவில்லைதான். மனுதாரருக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபாய் கொடுக்கச் சொன்னதோடு சரி. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் பெயர் சொல்லிக் காட்டியபின்னும் கலியாண வீட்டுப் பேச்சு மாறவில்லை.

மாறாததற்கு விலை இருக்கிறது. எல்லோரும் தின்றோம் என்று ஏற்றுக்கொண்டால், எல்லோரும் கட்ட வேண்டும் என்பது தானாக வரும். பிறகு யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் போய்விடும். 2022 செப்ரெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த வருடம் ஊழியர் சேமலாப நிதி தன் அங்கத்தவருக்குக் கொடுத்த வட்டி 9 சதவீதம். ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் தோட்டத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் இளைப்பாறும் நாளுக்கென்று சேர்த்த பணத்தின் பெறுமதி ஒரே வருடத்தில் கரைந்தது. அது போதாதென்று 2023இல் உள்நாட்டுக் கடனை மீள்கட்டமைத்தபோது வங்கிகளை விலக்கி, அந்த நிதியின் தலையில் வைத்தார்கள். புதிய முறிகளுக்கு 2025 வரை 12 சதவீதம், அதன்பின் 9 சதவீதம். ஏற்காவிட்டால் நிதியின் வருமானத்துக்கு 14க்குப் பதில் 30 சதவீத வரி. தெரிவு செய்யச் சொன்னார்கள், தெரிவு இருக்கவில்லை.

வெளிநாட்டுப் பிணைமுறிக்காரரோடு 2024 டிசம்பரில் முடித்த பேரத்தை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். முதல் தொகையில் ஒரு பகுதியை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் நாட்டின் உற்பத்தி எதிர்பார்த்ததைவிடக் கூடினால் அவர்களுக்குக் கொடுப்பதும் கூடும் என்று ஒரு விதி சேர்த்துக்கொண்டார்கள். நாடு நிமிர்ந்தால் அவர்களுக்கு ஒரு பங்கு. கட்டுநாயக்கவில் தையல் இயந்திரத்தில் இருப்பவளின் சேமலாப நிதிக்கு அப்படி ஒரு விதியை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அவள்தானே 'தின்றவள்'.

வரியிலும் இதே கதைதான். 2024 ஜனவரி 1 முதல் வட் 18 சதவீதம். அதுவரை விலக்கில் இருந்த பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு எல்லாம் அன்றே உள்ளே வந்தன. ஒருநாள் பிந்தவில்லை. சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஒப்பந்தத்தில் வசதியானவர்களின் சொத்துக்கும் ஒரு வரி இருந்தது: தாங்கள் குடியிருக்காத இரண்டாம், மூன்றாம் வீடுகளுக்கு வாடகை வருமானம் கணித்து, 2025 ஏப்ரலுக்குள் அறவிடுவதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். மதிப்பீட்டுத் தரவு இல்லை, இன்னும் ஆயத்தமில்லை என்றார்கள். அந்த ஏப்ரல் வந்து போனது, வரி வரவில்லை. 30 அலகு எரித்த வீட்டின் மானியைப் பார்த்துப் பட்டியல் எழுத மட்டும் மாதாமாதம் ஆள் வருகிறார்.